கசங்கிய நோட்டின் மதிப்பு

ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. மேடையில் நிற்பவர் நோட்டை உயர்த்திக் காட்டி, யாருக்கு வேண்டும் என்று கேட்பார். எல்லாக் கைகளும் உயரும். நோட்டைக் கசக்குவார், கைகள் இறங்காது. தரையில் போட்டு மிதிப்பார், அப்போதும் இறங்காது. உடனே செய்தி வரும். வாழ்க்கை உன்னைக் கசக்கலாம், மனிதர்கள் உன்னை மிதிக்கலாம், ஆனாலும் உன் மதிப்பில் ஒரு பைசா குறையாது. அது ஆண்டவர் உனக்குக் கொடுத்த மதிப்பு. அமெரிக்கப் பிரசங்க மேடைகளில் இருபது டாலர் நோட்டோடு சொல்லப்படும் கதை இது. நம் வாட்ஸாப் குழுக்களில் ரூபாயாக மாறி, காலை வணக்கப் படமாக வலம் வருகிறது.

இந்தியர்களுக்கு இந்தக் கதையில் ஓர் இடறல் உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. அவற்றை யாரும் கசக்கவில்லை, மிதிக்கவும் இல்லை. பீரோவில் சேலை அடுக்குக்குள் மடிப்புக் கலையாமல் இருந்த நோட்டைக்கூட மறுநாள் காலை மளிகைக் கடைக்காரர் வாங்க மறுத்தார். ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்ட ஒரு வாக்குறுதி அச்சிடப்பட்டிருக்கிறது. மதிப்பு அந்த வாக்கில் இருந்தது. வாக்கு திரும்பப் பெறப்பட்டதும் அதுவும் போயிற்று.

தான் சொல்லவந்த நீதியைக் கதையின் உவமையே கவிழ்த்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒருவர் வழங்கிய மதிப்பு, வழங்கியவர் வார்த்தை நிற்கும்வரை நிற்கும். கிறிஸ்தவ ஊக்கப் படங்கள் மனிதனின் தன்மதிப்பைப் பற்றிச் சொல்பவற்றில் பெரும்பகுதி இந்த நோட்டுக் கணக்கில்தான் ஓடுகிறது. கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு இங்கே வேண்டாம். நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது: மனம் உடைந்து கிடக்கும் ஒருவருக்கு இப்படிப்பட்ட மதிப்பைக் கொடுப்பது அவரைத் தூக்கி நிறுத்துகிறதா, புதிய கடனில் மாட்டுகிறதா?

இப்படிக் கைமாறிப் பரவும் படங்களை 'மீம்' என்கிறோம். அந்தச் சொல்லின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 1976இல் வெளியான 'சுயநல மரபணு' நூலில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கிய சொல் அது. கருத்துகள் மூளையிலிருந்து மூளைக்குத் தாவுவதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கடவுள் என்ற கருத்தும் ஒன்று. அந்த நாத்திகரின் சொல்லைப் பெயராகக் கொண்டு இன்று தினமும் பறப்பவற்றில் வசனப் படங்களுக்குக் கணிசமான இடம் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு சபை 'யூவெர்ஷன்' என்ற பைபிள் செயலியைக் கொண்டுவந்தது. மலை, கடல், சூரிய உதயம் எதன்மீதும் வசனத்தைப் பதித்து இரண்டு தட்டலில் அனுப்பிவிடும் வசதி பின்னர் அதில் சேர்ந்தது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு இது முற்றிலும் புதிதல்ல. அலமாரியில் வாக்குத்தத்தப் பெட்டி இருக்கும். சுருட்டிவைத்த சீட்டுகளில் ஒன்றை உருவிப் படிப்பார்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை அந்த வருஷம் முழுக்கப் பைபிளுக்குள் இருக்கும். கைபேசி அந்தப் பெட்டியைப் பெரிதாக்கியது, அவ்வளவுதான்.

சீட்டில் எழுதும்போது வசனம் இடத்திலிருந்து பிய்க்கப்படுகிறது. மிக அதிகமாகப் பகிரப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உனக்கென்று நல்ல திட்டமும் நம்பிக்கையான எதிர்காலமும் வைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்வதாக வருவது. பட்டமளிப்பு வாழ்த்து, வேலை நேர்முகம், திருமணம் தள்ளிப்போகும் பெண் என்று எல்லோருக்கும் அது போய்ச் சேர்கிறது. அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. முந்தைய வசனத்தில் எழுபது ஆண்டுகள் என்ற கெடு இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே செத்துப்போவார்கள் என்பது அதன் பொருள். ஒரு சமூகத்துக்குச் சொன்ன கசப்பான ஆறுதல் தனிமனிதனின் பதவி உயர்வுக்கு உத்தரவாதமாகிவிட்டது. இந்தக் குறையை நான் பெரிதாக்கப் போவதில்லை. வேதம் படித்த போதகர்களே இதைப் பலமுறை சொல்லிச் சலித்துவிட்டார்கள்.

பெரிய சிக்கல் வேறு. இந்தப் படங்களில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஒன்று, அவர் இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்கிறது. மற்றொன்று, நீ ராஜாவின் பிள்ளை, நீ தனித்துவமானவள், உன்னைப்போல் இன்னொருத்தி இல்லை என்கிறது. இரண்டுக்கும் வேறுவேறு வயது. முதல் குரல் மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியும் என்று பெலாஜியஸ் சொன்னார். முடியாது என்று அகஸ்டின் மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அகஸ்டின் பக்கம் நின்றார்கள். சீர்திருத்தக் காலத்தில் கால்வினின் வழிவந்தோர் மனிதனின் முழுச் சீர்கேடு என்பதைக் கோட்பாடாகவே வைத்தார்கள். 1741இல், இன்றைய கனெக்டிகட்டில் உள்ள என்ஃபீல்டில், ஜோனதன் எட்வர்ட்ஸ் தன் புகழ்பெற்ற பிரசங்கத்தில் மனிதனை நெருப்புக்கு மேலே தொங்கவிடப்பட்ட சிலந்திக்கு ஒப்பிட்டார். ஐசக் வாட்ஸ் 1707இல் எழுதிய ஒரு சிலுவைப் பாடலில் பாடுபவர் தன்னைப் புழு என்று சொல்லிக்கொள்வார்.

அந்தப் புழுவை இன்றைய பல பாட்டுப் புத்தகங்களில் காணோம். பதிப்பாசிரியர்கள் அந்த இடத்தில் பாவி என்றோ வேறு மென்மையான சொல்லோ போட்டுவிட்டார்கள். புழுவுக்கும் இந்தத் திருத்தத்துக்கும் இடையில் அமெரிக்கச் சந்தையும் உளவியலும் வந்து நின்றதுதான் இரண்டாம் குரலின் வரலாறு. 1952இல் நியூயார்க் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலைப் பற்றி எழுதிய நூல் வீட்டுக்கு வீடு போனது. 1955இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில், காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் திடலில், தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்று ராபர்ட் ஷூலர் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1980இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகைகளால் ஆன அவருடைய 'கிறிஸ்டல் கதீட்ரல்' எழுந்தது. 1982இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே தன்மதிப்பைப் புதிய சீர்திருத்தம் என்றது. பாவத்துக்கே தன்மானத்தை இழத்தல் என்ற பொருளில் விளக்கம் தந்தார். 2010இல் அந்த ஊழியம் திவால் மனு போட்டது. கட்டடத்தை 5 கோடியே 75 லட்சம் டாலருக்குக் கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கியது. கண்ணாடி போனாலும் செய்தி போகவில்லை. 2018இல் வந்த லாரன் டெய்கிளின் பாடல் ஒன்று, நான் யார் என்று கடவுள் சொல்வதைத்தான் நம்புகிறேன் என்ற கருத்தை வைத்தது. அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடல் வரிசையில் நூறு வாரங்களுக்கும் மேல் முதலிடத்தில் இருந்தது.

புழுவைத் துரத்திவிட்டார்கள் என்று மகிழலாம்தான். ஆனால் மீமைக் கொஞ்சம் நின்று படித்தால் அது எங்கும் போகவில்லை என்பது தெரியும். உன் மதிப்பு உன் அழகில் இல்லை, உன் சம்பளத்தில் இல்லை, உன் வெற்றியில் இல்லை, கிறிஸ்துவில் இருக்கிறது என்ற வகைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மறுப்புகள் யாருக்கும் இதமாக இருக்கும். நான்காவது இடத்தில் "உன்னிடமே இருக்கிறது" என்றோ "அளக்கவே வேண்டாம்" என்றோ வந்திருக்கலாம். வருவது அதுவல்ல, அளக்கும் அதிகாரம் கைமாறுகிறது. முதலாளி, மாமியார், கண்ணாடி ஆகியோரிடமிருந்து தராசு பிடுங்கப்பட்டு இன்னொருவர் கையில் கொடுக்கப்படுகிறது. தராசில் நிற்பவர் நின்றபடியே இருக்கிறார்.

லுட்விக் ஃபாயர்பாக் 1841இல் 'கிறிஸ்தவத்தின் சாரம்' என்ற நூலில் இந்தக் கொடுக்கல் வாங்கலை விளக்கியிருக்கிறார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் நாவல்கள் எழுதிய மேரியன் எவன்ஸ். தன்னிடம் உள்ள அன்பு, அறிவு, கருணை எல்லாவற்றையும் மனிதன் கடவுள் கணக்கில் வரவு வைக்கிறான். அதனால் தன் கணக்கில் வறியவனாகிறான். பிறகு அதே செல்வத்தைக் கருணைக்கொடையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான் என்பது அவர் வாதம். மீம் இந்த முழுச் சுற்றையும் ஒரே சதுரத்துக்குள் முடித்துவிடுகிறது. மேல் வரியில் பறிப்பு, கீழ் வரியில் கொடை.

இதற்கு இறையியலில் நேர்மையான பதில் ஒன்று உண்டு. 1518இல் ஹைடல்பர்கில் மார்ட்டின் லூதர் முன்வைத்த கருத்துரைகளில் கடைசி இறையியல் கருத்துரை, மனித அன்பு தனக்குப் பிடித்ததைத் தேடிப் போகிறது என்றும், கடவுளின் அன்பு தான் நேசிப்பதைப் பிடித்தமானதாக உண்டாக்குகிறது என்றும் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சுவீடனின் ஆண்டர்ஸ் நீக்ரன் இதை விரித்தெழுதினார். தெய்வ அன்புக்கு மனிதனிடம் காரணம் எதுவும் இல்லை. அந்த அன்பே அவனுக்கு மதிப்பைப் படைக்கிறது. அழகான எண்ணம். ஆனால் பிளேட்டோ யூத்திஃப்ரோவிடம் சாக்ரடீசைக் கேட்கவைத்த பழைய கேள்வியை இங்கே கொண்டுவந்து போடலாம். நான் மதிப்புள்ளவள் என்பதால் கடவுள் என்னை நேசிக்கிறாரா? அப்படியானால் என் மதிப்பு அவர் நேசிப்பதற்கு முன்பே இருந்தது. அவர் நேசிப்பதால்தான் நான் மதிப்புள்ளவளா? அப்படியானால் என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் வேறு எதை நேசித்திருந்தாலும், ஒரு கூழாங்கல்லை நேசித்திருந்தாலும், அதுவும் இதே மதிப்பைப் பெற்றிருக்கும். நான் அறிந்தவரை ஊக்கப் படங்கள் முதல் பதிலின் உணர்ச்சியை விற்று இரண்டாம் பதிலின் கோட்பாட்டைக் கையில் கொடுக்கின்றன.

குழந்தைகளுக்கு இது எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். டெக்சாஸ் போதகர் மேக்ஸ் லுகாடோ 1997இல் எழுதிய படக்கதை ஒன்று உலகெங்கும் ஞாயிறு பள்ளிகளில் படிக்கப்படுகிறது. வெம்மிக்குகள் என்ற மரப்பொம்மைகளின் ஊர். திறமையும் அழகும் உள்ளவர்கள்மேல் தங்க நட்சத்திரமும் தடுமாறுகிறவர்கள்மேல் சாம்பல் புள்ளியும் ஒட்டுவதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. உடம்பெல்லாம் புள்ளியாக இருக்கும் பன்சினெல்லோ, எதுவுமே ஒட்டாத ஒருத்தியைச் சந்திக்கிறான். அவள் தினமும் மலைமேல் இருக்கும் தச்சர் ஈலையைப் பார்த்துவருகிறவள். அவனும் போகிறான். மற்றவர்கள் நினைப்பது பொருட்டல்ல, உன்னைச் செய்தவன் நான், நீ என்னுடையவன் என்ற தொனியில் தச்சர் பேசுகிறார். அதை அவன் நம்பத் தொடங்கியதும் ஒரு புள்ளி உதிர்கிறது.

கேலிக்கு ஆளாகும் எந்தக் குழந்தைக்கும் இந்தக் கதை மருந்துதான், மறுக்கமாட்டேன். ஆனால் புத்தகத்தை மூடியபிறகு ஊர் என்ன ஆயிற்று? ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஏன் ஒட்டுகிறீர்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. பக்கத்துவீட்டுப் புள்ளிக்காரனும் இவனும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை. தீர்வு ஒற்றையடிப் பாதையில், தனியாக, தினமும் மலையேறுவதில் இருக்கிறது. தச்சர் சொன்ன காரணத்தையும் கவனிக்க வேண்டும். அது உடைமை. மலைமேல் பெற்ற ஒரு பெரிய நட்சத்திரம் சின்னப் புள்ளிகளை மறைத்துவிட்டது.

மதச்சார்பற்றவர்கள் இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடக்க முடியாது. அவர்கள் வீட்டிலும் இதே சரக்கு கிடந்தது. 1965இல் மோரிஸ் ரோசன்பர்க் பத்துக் கூற்றுகள் கொண்ட தன்மதிப்பு அளவுகோலை வெளியிட்டார். 1986இல் கலிபோர்னியா அரசு, சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செல்லோஸின் முயற்சியில், தன்மதிப்பை வளர்க்க ஒரு பணிக்குழுவே அமைத்தது. குற்றம், போதை, பள்ளித் தோல்வி எல்லாவற்றுக்கும் அதுவே தடுப்பூசி என்று நம்பினார்கள். 2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது அந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. உயர்ந்த தன்மதிப்பு நல்ல மதிப்பெண்ணை உண்டாக்குவதாகக் காட்ட முடியவில்லை. மனநிறைவும் முன்முயற்சியும் அதோடு சேர்ந்து வந்தன, அவ்வளவே. காலையில் கண்ணாடி முன் நின்று நான் அருமையானவன் என்று சொல்லிக்கொள்ளும் மதச்சார்பற்ற பயிற்சியும் வசனப் படமும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்.

அதே 2003இல் ஜெனிபர் கிராக்கரும் குழுவினரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தங்கள் மதிப்பை எதில் மாட்டிவைக்கிறார்கள் என்று அளக்க ஏழு ஆணிகளைப் பட்டியலிட்டார்கள்: தோற்றம், பிறர் ஒப்புதல், போட்டியில் வெல்லுதல், படிப்பு, குடும்ப ஆதரவு, நற்குணம், கடவுளின் அன்பு. கடைசி ஆணி தோற்றம் என்ற ஆணியைவிட உறுதியானது என்று சொன்னால் நான் நம்புவேன். முகப்பரு வந்தாலும் கடவுளின் அன்பு போகாது. ஆனால் எல்லாவற்றையும் மாட்டிவைத்த ஆணி ஆடும்போது நடப்பது வேறு. 2001இல் கென்னத் பார்கமென்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்று எண்ணியவர்களுக்கு இறப்பு அபாயம் 28 சதவீதமும், அவர் அன்பைச் சந்தேகித்தவர்களுக்கு 22 சதவீதமும் கூடியிருந்தது. உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த உறவு நின்றது. சந்தேகம் கொன்றது என்று இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் உன் மதிப்பு அவர் அன்பில் மட்டுமே இருக்கிறது என்று ஒருவரை நம்பவைக்கிறவர்கள், அவர் படுக்கையில் கிடந்து அந்த அன்பைச் சந்தேகிக்கும் இரவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அந்த இரவுக்கென்று ஒரு படம் என் கைபேசிக்கு இதுவரை வந்ததில்லை.

இன்னொரு கேள்வி: கடவுள் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை நமக்குச் சொல்வது யார்? எப்போதும் ஒரு மனிதர்தான். போதகர், எழுத்தாளர், படம் வடிவமைத்தவர், அதை அனுப்பிய சித்தி. மற்றவர் பேச்சைக் கேட்காதே என்று அந்த மற்றவர்களில் ஒருவர்தான் சொல்கிறார். உள்ளபடியே உன்னை நேசிக்கிறார் என்ற படம் வந்த அதே பக்கத்தில், யார் யாரெல்லாம் உள்ளபடி இருக்கக் கூடாது என்பதும் நாலு நாள் கழித்து வரும். நம்பாதவர்களுக்கு இந்தப் படங்களில் வழங்கப்படும் சொற்கள் வெறுமை, ஓட்டை, இருள். நிபந்தனையற்ற மதிப்பு என்று விளம்பரம் செய்யப்படும் பொருளின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கிறது.

என் வாதத்துக்கு வலுவான எதிர்வழக்கு அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களிலிருந்து வருகிறது. கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் 1949இல் வெளியிட்ட நூலில் தன் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். அடிமையாகப் பிறந்தவர். தோட்டத்துக்கு எப்போதாவது வரும் ஓர் அடிமைப் போதகர், நீங்கள் அடிமைகள் அல்ல, கடவுளின் பிள்ளைகள் என்ற பொருளில் சொல்லி முடிப்பாராம். அதைக் கேட்டவர்களின் முதுகெலும்பு நிமிர்ந்ததை அந்தப் பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நமக்குப் பக்கத்தில் தென்திருவிதாங்கூர் இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய அந்தப் பகுதியில், மார்பை மறைக்க உரிமையற்றிருந்த நாடார் பெண்களில் கிறிஸ்தவம் தழுவியவர்கள் 1820களிலிருந்து மேலாடை அணியத் தொடங்கினார்கள். அடியும் உதையும் தீவைப்பும் நடந்தன. 1859இல் அரசர் இறங்கிவந்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் அதே முறையில் கூடாது என்ற நிபந்தனையோடுதான். நீ கடவுளின் பிள்ளை என்ற சொல் அந்தப் பெண்களுக்குப் பொய்யான ஆறுதலாக இருக்கவில்லை.

ஆனால் அங்கே அந்தச் சொல் தனியாக வரவில்லை. மிஷன் பள்ளி கூட வந்தது, நீதிமன்ற மனு கூட வந்தது, ஒரு முழத் துணி கூட வந்தது. ஊரே எதிர்த்து நின்றபோது பக்கத்தில் நிற்க ஒரு கூட்டம் இருந்தது. வெம்மிக் ஊரில் நடக்காதது தென்திருவிதாங்கூரில் நடந்தது: ஒட்டுகிறவனின் கையைப் பிடித்தார்கள். சம்பளம் மூன்று மாதமாக வராத பெண்ணுக்கு, நீ விலைமதிப்பற்றவள் என்று படம் அனுப்பும்போது இந்தத் துணைகள் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டு போவதில்லை. தமிழ்நாட்டில் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தைப் பிரித்துவைத்திருக்கும் சபைகள் இன்றும் உண்டு. அங்கே இருபக்கமும் ஒரே வாக்குத்தத்த அட்டைதான் விநியோகமாகிறது. 1925இல் தொடங்கிய இயக்கத்துக்குப் பெரியார் சுயமரியாதை என்று பெயர் வைத்தபோது மதிப்பை மனசுக்குள் தேடச் சொல்லவில்லை. கோயில் தெருவிலும் திருமணப் பந்தலிலும் தேநீர்க் கடையிலும் அதைப் பறித்தவர்களிடம் கேட்கச் சொன்னார்.

தமிழ் வேதாகமத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'விலையேறப்பெற்ற'. மீம்களிலும் அதற்கு நல்ல புழக்கம். உனக்காக எவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டது பார், அதுதான் உன் மதிப்பு என்ற வாதத்தையும் அது கூட்டிவருகிறது. விலைக்கும் மாண்புக்கும் உள்ள வேறுபாட்டை 1785இல் இம்மானுவேல் காண்ட் எழுதிவிட்டார். பயட்டிசம் என்ற கிறிஸ்தவப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர்தான் அவர். விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். ஈடே இல்லாததற்குத்தான் மாண்பு. எவ்வளவு உயர்ந்த விலையும் விலைதான். உளவியலில் இதையொட்டிய ஒரு முடிவுக்கு ஆல்பர்ட் எல்லிஸ் வந்தார். தன்மதிப்பு என்பதே ஒரு மாயை என்று 2005இல் ஒரு நூல் எழுதினார். செய்த காரியத்துக்கு மதிப்பெண் போடு, செய்தவனுக்குப் போடாதே என்பது அவர் அறிவுரை. தோசை கருகியது, சமைத்தவள் கருகவில்லை. கடவுளிடம் நூற்றுக்கு நூறு வாங்கித்தரும் படத்துக்கும், கண்ணாடியிடம் நூற்றுக்கு நூறு கேட்கும் பயிற்சிக்கும் அவரிடம் ஒரே பதில்: மதிப்பெண் பட்டியலை மூடு. மனம் உடைந்தவருக்கு இது உடனே இனிக்காது. ஆனால் இதில் திரும்பப் பெறக்கூடிய வாக்கு எதுவும் இல்லை.

1948 இலையுதிர்காலத்தில் பாரிசில், ஐக்கிய நாடுகள் சபையின் மூன்றாவது குழு மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை விவாதித்தபோது, மனிதர்கள் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்பதைச் சேர்க்க வேண்டும் என்று பிரேசில் கேட்டது. சீனாவின் பிரதிநிதி பி. சி. சாங் ஏற்கவில்லை, உலக மக்களில் கணிசமான பங்கினரான சீனர்களுக்கு வேறு மரபுகள் இருக்கின்றன என்றார். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எல்லா மனிதரும் மாண்பில் சமமாகவே பிறக்கிறார்கள் என்று சொல்லும் அந்தப் பிரிவு, அந்த மாண்பை யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எட்டு விலகி நின்றன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.